இரண்டு பொட்டு வைத்த பக்கம்

பெரியம்மா,

காலையில் அண்ணன், உங்கள் மகன், வந்து அந்தக் காகிதக் கட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே வரவில்லை. வாசற்படிக்கு வெளியே நின்று நீட்டினார்.

"ஆத்தா ஒங்கிட்டக் குடுக்கச் சொல்லியிருந்துச்சு."

மேல்முறையீட்டுக் காகிதங்கள். இருநூறு பக்கத்துக்கு மேல். ஓரத்தில் துளையிட்டுப் பச்சை நூலால் கட்டியது. பிரித்ததும் குங்கும வாசனை. அதற்கு அடியில் ஜெராக்ஸ் மையின் வாசனை. ஒவ்வொரு பக்கத்தின் கீழ்மூலையிலும் உங்கள் விரல் வைத்த பொட்டு.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் மட்டும் இரண்டு.

பெரியப்பா என் அப்பாவை வெட்டிய அன்று நான் எட்டாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். ஒரு கிணறு, ஒரு மோட்டார், அண்ணன் தம்பி இரண்டு வீடு. யாருடைய தண்ணீர் முறையை யார் எடுத்துக்கொண்டார்கள் என்று தொடங்கிய பேச்சு வரப்பில் மண்வெட்டியோடு முடிந்தது. பார்த்தது என் அம்மா. பெரியப்பாவும் அண்ணனும் சேர்ந்து வெட்டினார்கள் என்று அம்மா கூண்டில் ஏறிச் சொன்னார். தான் அந்நேரம் அன்னவாசலில் லோடு இறக்கிக்கொண்டிருந்ததாக அண்ணன் சொன்னார். புதுக்கோட்டைக் கோர்ட் அதை நம்பவில்லை. நானும் நம்பவில்லை. இருவருக்கும் ஆயுள் தண்டனை.

அதன் பிறகு நம் வீடுகளுக்கு இடையே நல்லது கெட்டது இல்லை. ஒரே சுவர். அந்தப் பக்கம் நீங்கள் மிளகாய் வறுத்தால் இந்தப் பக்கம் எங்களுக்குத் தும்மல் வரும். பேச்சு மட்டும் வராது.

ஆறு மணி மதுரை பஸ்தான் நம்மைச் சேர்த்தது. அதை விட்டால் நீங்கள் வக்கீலைப் பிடிக்க முடியாது. நான் வகுப்புக்குப் போக முடியாது. பல திங்கட்கிழமைகள் நீங்கள் முன்னால், நான் பின்னால். ஒருநாள் கண்டக்டர் உங்களைப் பின்னால் அனுப்பினார்.

"ஏந்த்தா, கம்பியப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற? அங்கிட்டு ஒரு சீட்டு கெடக்கு பாரு. சிங்கம்புணரியில ஆளு ஏறுனா அதுவும் போயிரும்."

அது என் பக்கத்து இருக்கை.

நான் சன்னல் பக்கம். எழுந்து போக வேண்டுமானால் உங்கள் முழங்காலைத் தாண்ட வேண்டும். நீங்கள் பையை மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். சிங்கம்புணரி வந்தது. போனது. பிறகு கேட்டீர்கள்.

"பாப்பா, இங்கிலீசு வாசிப்பியா?"

"ம்."

"வக்கீலு குடுத்தாரு. யாருகிட்டக் குடுத்தாலும் ரெண்டு தாளப் பெரட்டிட்டு எல்லாம் நல்லாத்தான் இருக்குங்கிறாக. கொலைக் கேசுல என்னத்த நல்லா இருக்கும்?"

நான் ஏன் வாங்கினேன் என்று இன்றும் தெரியவில்லை. வாங்கினேன்.

அந்தக் காகிதங்களில் என் அம்மாவுக்குப் பெயர் இல்லை. அரசுத் தரப்பு சாட்சி ஒன்று. அப்பாவுக்கும் இல்லை. இறந்தவர். நான் அப்படியே தமிழாக்கி வாசித்தேன். நீங்கள் நிறுத்தினீர்கள்.

"எறந்தவருன்னு வாசிக்காத. அப்பான்னே வாசி."

காயங்களின் பக்கம் வந்தது. நீளம், ஆழம், எல்லாம் சென்டிமீட்டரில். நான் வாசிப்பதை நிறுத்தினேன். நீங்கள் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"முடிஞ்சா வாசி. முடியலைன்னா இன்னொரு நாள் வாசி. ஆனா விட்டுட்டு மட்டும் வாசிக்காத. எம் புருசன் செஞ்சது எனக்குத் தெரியணும்ல."

வாசித்தேன். முடிந்ததும் நெற்றியைத் தொட்டு அந்த விரலைத் தாளின் மூலையில் வைத்தீர்கள். கேட்டாச்சு என்பதற்கு அடையாளம். நம்பர் போட உங்களுக்குத் தெரியாது.

என் அம்மா நெற்றியில் விபூதி மட்டும்தான். அந்தச் சிவப்பை நான் எப்படிப் பார்த்தேனோ, அடுத்த திங்கள் மிளகு அளவுக்குச் சின்னதாக வைத்துக்கொண்டு வந்தீர்கள்.

கல்லூரியில் அந்தப் பருவத்தில் கதைசொல்லியை எவ்வளவு நம்பலாம் என்பது பாடம். பஸ்ஸில் வாசித்த தாள்களில் கதைசொல்லி என் அம்மா. கல்லூரியில் நான் நன்றாகப் பேசினேன்.

மேலூர் தாண்டி ஹைகோர்ட் நிறுத்தத்தில் இறங்குவீர்கள். "வாரேன் பாப்பா." ஒருமுறைகூடப் போகிறேன் என்று சொன்னதில்லை.

நூற்றுப் பன்னிரண்டு. ஆஸ்பத்திரிப் பதிவேட்டின் நகல். அப்பாவை உயிரோடு கொண்டுபோனபோது டியூட்டி டாக்டர் அம்மாவிடம் கேட்டு எழுதியது. ஆங்கிலத்தில் ஒன்றரை வரி. தெரிந்த ஒரு நபர் தாக்கியதாகக் கூறி, மனைவி அழைத்துவந்தார்.

ஒரு நபர்.

சன்னலுக்கு வெளியே வறண்ட கண்மாய் ஒன்று வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. நீங்கள் காத்திருந்தீர்கள்.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன நேரம் போட்டிருக்கு. அவ்வளவுதான்" என்றேன்.

நீங்கள் நெற்றியைத் தொட்டீர்கள். மூலையில் வைத்தீர்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை அம்மா உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் உங்களுக்கு வாசித்துக் காட்டுவதைச் சொன்னேன். கேட்டேன்.

"ஆஸ்பத்திரியில எத்தனை பேருன்னு கேட்டாங்களா?"

முறம் நின்றது.

"ஒருத்தருன்னு சொன்னேன்."

"ஸ்டேஷன்ல?"

"ஒங்க மாமா பக்கத்துல நின்னாரு. பெரியவரு மகன வெளிய விட்டா நாளைக்கு ஒன்னையும் பிள்ளையையும் விட்டு வைக்க மாட்டான், அவனையும் சேத்துச் சொல்லுன்னாரு. அவரு தங்கச்சிக்காகப் பயந்தாரு. நான் ஒன்ன நெனச்சுப் பயந்தேன்."

"வரப்புல அண்ணன் இருந்துச்சா?"

"இல்ல."

முறம் மறுபடி ஆடியது. உளுந்து தரையில் சிதறியது. அம்மா அதைப் பொறுக்கவில்லை.

"ஆஸ்பத்திரியில வாய் தன்னால சொல்லுச்சு. ஸ்டேஷன்ல சொல்ல வச்சுச் சொல்லுச்சு. கோர்ட்டுல மாத்த முடியல."

மூன்று வாரம் நான் அந்த பஸ்ஸில் ஏறவில்லை. ஞாயிறு மாலையே மதுரைக்குப் போய்விட்டேன். அந்த வரியைச் சொன்னால் அம்மா மீது வழக்கு வருமோ என்று பயம். சொல்லாவிட்டால் அண்ணன் திருச்சி ஜெயிலிலேயே நரைத்துவிடுவார். எனக்கு இருந்தது ஒரு அம்மா. உங்களுக்கு இருந்தது ஒரு மகன். கணக்கு எப்படிப் போட்டாலும் நேராகவில்லை.

நான்காவது வாரம் அம்மா என்னைத் திங்கட்கிழமைதான் போகச் சொன்னார். விடியும்போது இரண்டு பொட்டலம் இட்லி கட்டி வைத்திருந்தார்.

"வெறும் வயித்தோட கோர்ட்டு வாசல்ல நிக்கும். குடு."

"வேற ஏதாவது சொல்லவா?"

"வாசிச்சுக் காட்டு. நான் சொன்னதத்தான வாசிக்கப் போற."

அன்று உங்கள் பக்கத்தில் நானாக வந்து உட்கார்ந்தேன். நூற்றுப் பன்னிரண்டைப் பிரித்து ஒன்றரை வரியையும் வாசித்தேன். முதலில் ஆங்கிலத்தில். பிறகு தமிழில். நீங்கள் அழுவீர்கள் என்று நினைத்தேன். திட்டுவீர்கள் என்றும் நினைத்தேன்.

"போன தடவ வாசிச்சப்பவும் இது இருந்துச்சா?"

"இருந்துச்சு."

மேலூரில் கூட்டம் இறங்கியதும் நெற்றியைத் தொட்டீர்கள்.

"அது பொய்ப் பொட்டு. இப்பத்தான் கேட்டேன்."

முதல் பொட்டுக்குப் பக்கத்தில் இரண்டாவதை வைத்தீர்கள். முதலாவதை அழிக்கவில்லை. பிறகு பொட்டலத்தைப் பிரித்தீர்கள். ஒரு விள்ளல் வாயில் போட்டதும் இருமல்.

"ஒங்கம்மா இன்னமும் பொடியில பாதிக்குப் பாதி மொளகாதான் போடுதா?"

எட்டு வருடத்தில் எங்கள் வீட்டைப் பற்றி நீங்கள் கேட்ட முதல் கேள்வி. ஆமாம் என்றேன். எல்லா இட்லியையும் தின்றீர்கள்.

வக்கீலிடம் காட்ட ஒரு துண்டுத்தாளில் பக்க எண்ணை எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாரம் நீங்கள் சொன்னது அப்படியே காதில் இருக்கிறது.

"எந்திரிச்சு நின்னு வாசிச்சாரு பாப்பா. இதக் கீழ்க்கோர்ட்டுல ஒருத்தரும் கேக்கலையான்னு மூணு தடவ கேட்டாரு. நான் போக ஆரம்பிச்ச நாள்ல இருந்து அந்த மனுசன் நாற்காலிய விட்டு எந்திரிச்சதே இல்ல."

அப்படி ஒரு சிரிப்பை அதற்கு முன் உங்களிடம் பார்த்ததில்லை.

தீர்ப்பைக் கேட்க நீங்கள் இல்லை. அதற்கு இரண்டு மாதம் முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள் என்றார்கள். அவ்வளவுதான். அண்ணனைப் போலீஸ் காவலோடு கூட்டிவந்து கொள்ளி வைத்ததும் கூட்டிப்போனார்கள். அன்று காலை அம்மா சுவரைச் சுற்றிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு நடந்தார். நான் பின்னால். பந்தலில் ஒரு கிழவி சத்தமாகவே சொன்னாள்.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சாக்கும்."

"ஆமா. இப்பத்தான் தெரிஞ்சுச்சு" என்றார் அம்மா. எடுக்கும்வரை உங்கள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார்.

தீர்ப்பில் பெரியப்பாவின் தண்டனை அப்படியே இருக்கிறது. அதில் எனக்குச் சந்தோஷம் இல்லை. வருத்தமும் இல்லை. அண்ணனுக்கு விடுதலை. அம்மா மீது வழக்கு எதுவும் வரவில்லை.

இன்று காலை அண்ணன் கட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பியபோது அம்மா கூப்பிட்டார்.

"உள்ள வாப்பா."

அண்ணன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். மன்னிப்பு என்ற சொல் இரண்டு பேர் வாயிலும் வரவில்லை. வராமல் போனதே நல்லது என்று எனக்குத் தோன்றியது. அது வந்திருந்தால் அத்தோடு பேச்சு முடிந்திருக்கும்.

"கெணத்துப் பக்கம் போயிட்டு வந்தேன் சித்தி. மோட்டாரு துருப்பிடிச்சுக் கெடக்கு. தண்ணி இருக்கு. ஆளக் கூட்டியாந்து பாப்பமா?"

"பாரு. நானும் வாரேன்" என்றார் அம்மா.

மாலையில் தீர்ப்பின் நகலை எடுத்துக்கொண்டு அம்மா முன்னால் உட்கார்ந்தேன். கட்டின் கடைசியில் அண்ணன் அதையும் சேர்த்துக் கட்டியிருந்தார். அதில் ஒரு பத்தி அம்மாவைப் பற்றியது. சாட்சி ஒன்று முதலில் சொன்னதே இயல்பானது, பிறகு சேர்த்துச் சொன்னதை நம்ப இயலாது. அந்த இடத்துக்கு வந்ததும் என் கண் தானாக அடுத்த பத்திக்குத் தாவியது. பழைய பழக்கம். அப்போது நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் நினைவுக்கு வந்தது. திரும்பி வந்து வாசித்தேன். நம்ப இயலாது என்பதையும் வாசித்தேன்.

அம்மா கடைசிவரை கேட்டார். பிறகு கட்டை இழுத்து உங்கள் பொட்டுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். என்ன என்று கேட்டார். சொன்னேன்.

நெற்றியைத் தொட்டு அந்த விரலைத் தீர்ப்பின் மூலையில் வைத்தார்.

விபூதி தாளில் ஒட்டவில்லை. தூக்கியதும் உதிர்ந்துவிட்டது. பரவாயில்லை, பெரியம்மா. அந்தப் பக்கத்தை வாசித்தாயிற்று என்று எனக்குத் தெரியும்.