காய்ச்சல் இருக்கும்போதே

மரியாதைக்குரிய என் வீட்டுக்காரர் ஹ்மாயக் அவர்களுக்கு, இஸ்தான்புல்லிலிருந்து ஸத்தேனிக் எழுதுவது. உங்கள் முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

போன வாரம் எனக்கும் நம் வீட்டில் வரும் அந்தக் காய்ச்சலும் வயிற்றுவலியும் வந்தன. பயப்படாதீர்கள். நான் பார்த்துக்கொள்ளும் கிழவி அருஸ்யாக், "நீ செத்தா எனக்கு சூப் வச்சுக் குடுக்க யாருடி இருக்கா?" என்று திட்டி டாக்டரிடம் அனுப்பினாள். அவர் என் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, "வெள்ளை அணு எக்கச்சக்கமா ஏறியிருக்கு பாட்டி, ஆனா கிருமியே இல்ல. உங்க ஆர்மீனியாக்காரங்க வம்சத்துல வர்ற காய்ச்சல் இது. ரெண்டு மூணு நாள்ல தானா இறங்கிடும். ஆனா மாத்திரை போடலன்னா சிறுநீரகத்தத் தின்னுடும்" என்றார்.

நம் பிள்ளை கார்னிக் கால் வீங்கிச் செத்தது இதனால்தான். சாராயம் தேய்த்ததும் சூடு இறங்கியதைப் பார்த்து, "வேலைக்குப் பயந்த நடிப்பு" என்று அவனை உருளைக்கிழங்கு வயலுக்கு விரட்டினாளே உங்கள் அம்மா, மண்ணுக்குள் போனாலும் அவளை நான் மன்னிக்கவில்லை. இங்கே அடுப்படியிலும் அவன் என் முதுகுக்குப் பின்னால் நின்று, "நடிக்கலம்மா, நெசமாவே வலிக்குது" என்கிறான்.

பேத்தி நைரிக்கும் அதே காய்ச்சல் என்று எழுதியிருந்தீர்கள். இனி சாராயம் தேய்த்துக்கொண்டு உட்காராதீர்கள். உடம்பு சுடும்போதே ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். காய்ச்சல் விட்டால் அணுக்களும் இறங்கிவிடும், அவளும் பொய்க்காரி ஆகிவிடுவாள்.

யாராவது வந்தால் நம் மரத்து ஆப்ரிகாட் வற்றல் கொஞ்சம் கொடுத்தனுப்புங்கள். இங்கே விற்பது வாயில் வைக்க விளங்கவில்லை. கிழவி கூப்பிடுகிறாள். நைரி வலிக்கிறது என்றால் நம்புங்கள்.

ஸத்தேனிக்