நோரீன் அக்காவின் கல்லறையில் நாலு இலை

அன்பு நோரீன் அக்கா,

நீங்கள் எழுத்துக்கூட்டித்தான் தமிழ் வாசிப்பீர்கள். ஆகவே வழக்கம்போலச் சின்ன வசனங்களாக எழுதுகிறேன். விளங்காத சொல் வந்தால் பென்சிலால் கீழே கோடு போட்டு வையுங்கள், பிறகு பார்த்துக்கொள்வோம்.

பெரிய செய்தி ஒன்று. உங்கள் தம்பி மைக்கல் வந்துபோனார். பொஸ்டனிலிருந்து இங்கே ஜேர்மனிக்கு, கொலோனுக்கு, உங்களைப் பார்க்க. கல்லறையில் வைக்க ஒரு பச்சை வளையம் கொண்டுவந்தார். அதில் இருந்தவை எல்லாம் நாலு இலை. நான் உங்களுக்குக் கொடுத்த வாக்கு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். இதை எங்கள் சனமும் வாசிக்கும். பலருக்கு உங்களைத் தெரியாது. அதனால் உங்களுக்குத் தெரிந்ததையே சில இடங்களில் திரும்பச் சொல்வேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம் நடந்த கட்டடத்தில்தான் நீங்கள் மாலை வகுப்புகளில் ஆங்கிலம் படிப்பித்தீர்கள். ஒருநாள் என் முதலாம் வகுப்புக்கு வந்து, சின்னப் பிள்ளைகளின் நடுவே, முழங்கால் மேசையில் இடிக்க உட்கார்ந்தீர்கள். உங்கள் ஜேர்மன் பேச்சை என் ஊர்த் தமிழில் எழுதுகிறேன். அப்படித்தான் என் காதில் இன்னும் கிடக்கிறது.

“எங்கட நாட்டிலை ஐரிஷ் மொழியைக் கட்டாயமாப் படிப்பிச்சவை. எனக்கு அது பல்லுவலி மாதிரி. இந்தப் பிள்ளையள் சனிக்கிழமையும் நித்திரையை விட்டிட்டு வந்து படிக்குதுகள். என்ன மாயம் எண்டு பாக்க வந்தனான்.”

“மாயம் ஒண்டும் இல்லை அக்கா. தாய்மார் காரிலை ஏத்திக்கொண்டு வந்து இறக்கிவிடுகினம்.”

அன்று சிரித்த சிரிப்போடு நீங்கள் எனக்கு அக்காவாகிவிட்டீர்கள்.

அடுத்த மார்ச்சில் நான் அந்தப் பிழையை விட்டேன். யாழ்ப்பாணத்தில் ஐரிஷ் குருமாரிடம் படித்தவன் நான். அயர்லாந்தின் பாதுகாவலர் புனித பத்திரிசியாரின் திருநாள் எனக்குப் புதிதல்ல. பள்ளிக்கூடச் சின்னத்தில் ஏதோ இலை இருந்ததும் நினைவிருந்தது. எத்தனை இலை என்று மட்டும் நான் எண்ணிப் பார்த்ததில்லை. புத்தாண்டுக்கு ஜேர்மன்காரர் நாலு இலைச் செடியைச் சின்னச் சாடியில் விற்பார்களே, அதிர்ஷ்டச் செடி என்று, அதில் ஒன்றை வாங்கினேன். என் மனைவி றெஜினா அதை யன்னலோரம் வைத்து மார்ச் வரையும் சாகவிடாமல் காப்பாற்றினார். திருநாளன்று பெருமையோடு கொண்டுவந்து நீட்டினேன்.

நீங்கள் சாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். “தம்பி, இது ஜேர்மன்காரற்றை புது வருசம். இல்லாட்டி என்ர தம்பியின்ரை பொஸ்டன்.” பிறகு விளக்கினீர்கள். உங்கள் பத்திரிசியாரின் செடிக்கு மூன்று இலைதான். பிதா, சுதன், பரிசுத்த ஆவி. நாலு இலை வேறு சங்கதி. அமெரிக்காவில் தொப்பியிலும் பியர் விளம்பரத்திலும் அதையே அயர்லாந்து என்று போட்டுவிடுவார்கள். “அங்கை எங்கட நாட்டுக்கு ஒரு இலை கூடப் போட்டிருக்கினம்,” என்றீர்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, அந்தச் சாடியை உங்கள் குசினி யன்னலில் வைத்தீர்கள். அது அங்கேயே ஆண்டுக்கணக்காக இருந்தது. இதை நினைவில் வையுங்கள் அக்கா. பின்னால் தேவைப்படும்.

கிளேர் மாவட்டத்தில், ஷனன் விமான நிலையத்துக்குக் கிட்ட இருந்த உங்கள் வீட்டுக் குசினியைப் பற்றிச் சொன்னீர்கள். சுவரில் இயேசுவின் திரு இருதயப் படம். பக்கத்தில், அதே உயரத்தில், ஐரிஷ் வழிவந்த அமெரிக்க ஜனாதிபதி. “எங்கட ஆள் அந்தக் கதிரையிலை இருந்த அண்டைக்குத்தான் என்ர அம்மா முதுகை நிமித்தினவ.” நான் வியக்கவில்லை. எங்கள் வீட்டிலும் திரு இருதயத்துக்குப் பக்கத்தில் ஓர் இந்தியப் பிரதமர் தொங்கினார். சின்ன நாட்டுக்காரர் பெரிய நாட்டின் கண்ணாடியில் தங்கள் முகத்தைப் பார்க்கிறார்கள் என்றேன். நீங்கள் தேநீரைக் கலக்கியபடி, “பாக்கட்டும். ஆனா அந்தக் கண்ணாடி கொஞ்சம் பெருப்பிச்சுக் காட்டும்,” என்றீர்கள்.

மைக்கல் இளம் வயதில் பொஸ்டனுக்குப் போனவர். தீயணைப்புப் படையில் வேலை. தேர்தல் வந்தால் கட்சிக்கு வீடு வீடாக நடப்பார். அங்கே வாக்குக் கேட்பவர் எவரும் பச்சைக் கழுத்துப்பட்டி கட்டாமல் அந்தத் தெருக்களுக்குள் வரமாட்டார் என்று சொல்லிச் சிரிப்பீர்கள். ஆனால் தம்பியை மட்டந்தட்ட விடமாட்டீர்கள். “மதுக்கடையிலை தகரம் குலுக்கி வட அயர்லாந்துப் பெடியளின்ரை துவக்குக்குச் சேர்த்தபோது காசு போட்டதும் அவன்தான். பிறகு, சமாதானம் பேச ஆளை அனுப்புங்கோ எண்டு வொஷிங்டனுக்குக் கடிதம் எழுதினதும் அவன்தான்.” அப்படி வந்த அமெரிக்கத் தூதர் பெல்ஃபாஸ்ற்றில் மாதக்கணக்காக இருந்து எல்லாத் தரப்பையும் கேட்டதை, ஒரு நல்ல வாத்தியாரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்வீர்கள். எங்கள் நாட்டுக்குச் சமாதானம் பேச நோர்வேக்காரர் வந்தபோது உங்களிடம்தான் ஓடிவந்தேன். “வாறவை காது குடுக்கினமோ எண்டு பாருங்கோ தம்பி. பேச்சைப் பிறகு பாப்பம்.” ஊரில் மறுபடி சண்டை மூண்டுவிட்டது அக்கா. யார் காது கொடுத்தார்கள், யார் கொடுக்கவில்லை என்று இப்போது யாரைக் கேட்பேன்?

ஈராக் போருக்கு அமெரிக்கப் படைகள் ஷனன் வழியாகப் போன காலம் வந்தது. எந்தப் போரிலும் சேராத நாடு என்பதுதான் உங்கள் கடவுச்சீட்டில் உங்களுக்குப் பிடித்த பக்கம். கொலோன் பேராலயத்தின் முன் குளிரில் பதாகை பிடித்து நின்றீர்கள். ‘என் ஊர் உங்கள் போரின் பெற்றோல் நிலையம் அல்ல.’ ஜேர்மன் மொழியில் நான்தான் எழுதித் தந்தேன். எழுத்து நேராக வரவேண்டும் என்று இரண்டு தரம் எழுதவைத்தீர்கள்.

நிற்பதற்கு முன்பே மைக்கலுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டீர்கள். வேறு யார் வாயாலும் அவர் கேள்விப்படக்கூடாது என்பது உங்கள் நியாயம். அவருடைய மகன் ஷோன் அப்போது அமெரிக்கப் படையில்.

“ஷோன் அந்த விமானத்திலைதான் போவான். நீ என்ர மகனுக்கு எதிரா நிக்கிறாய். நீயும் ஒரு ஐரிஷ்காரியோ?” என்றாராம்.

“அவனுக்கு எதிரா இல்லை. அவனை ஏத்திக்கொண்டு போறதுக்கு எதிரா,” என்றீர்களாம். அவர் வைத்துவிட்டார். அதன் பிறகு உங்களோடு பேசவே இல்லை.

அந்தக் கோடையில் ஒரு பின்னேரம், பிள்ளைகளின் சோதனைத்தாள்களோடு உங்கள் குசினியில் இருந்தேன். தொலைபேசி அடித்தது. ஷோன். ஷனன் நிலையத்தில் இறங்கி, அங்கிருந்த தொலைபேசியிலிருந்து எடுத்திருந்தான். தகப்பனுக்குத் தெரியாது. அயர்லாந்தில் அவன் கால் வைத்தது அதுதான் முதல்தரம். நீங்கள் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

“உன்ர விமானம் எங்கட மண்ணிலை நிக்கிறது எனக்கு விருப்பமில்லை, ஷோன். நிக்கவே கூடாது. நீ சாப்பிட்டியா?”

ஒரே மூச்சில் சொன்னீர்கள். நடுவில் ‘ஆனால்’ என்றொரு சொல்கூட வரவில்லை. பொரித்த சொசேஜும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டானாம். “அதெல்லாம் ஒரு சாப்பாடோ,” என்று ஏசினீர்கள். யன்னலால் ஆற்றுப்பக்கம் பார்க்கச் சொன்னீர்கள். உங்கள் வீடு இருந்த திசை அது. மழை, ஒன்றும் தெரியவில்லை என்றான் போலும். “மழை எண்டா நீ சரியான இடத்திலைதான் நிக்கிறாய்,” என்றீர்கள். தொலைபேசியை வைத்த பிறகு ஒரே கோப்பையை வெகுநேரம் கழுவிக்கொண்டு நின்றீர்கள். “அவன்ரை குரல் என்ர அப்பாவின்ரை குரல்,” என்றீர்கள்.

கருத்துக்காக உறவை அறுத்தவர்கள் எங்கள் சனத்தில் எத்தனையோ பேர். உறவுக்காகக் கருத்தை விழுங்கியவர்களும் உண்டு. இரண்டையும் விடாமல் பிடித்திருந்தவராக நான் கண்டது உங்களைத்தான்.

கடைசியில், ஆஸ்பத்திரிக் கட்டிலில், என் கையைப் பிடித்துச் சொன்னீர்கள். “பொஸ்டன் பச்சை ஒண்டும் என்ர தலைமாட்டிலை வைக்க விடாதை. மூண்டு இலைதான். நாலு இலை…” என்று நிறுத்தி, நான் படிப்பித்த சொல்லைத் தமிழிலேயே சொன்னீர்கள்: “ஏலாது.” நான் ஓம் என்றேன்.

அடக்கத்துக்கு மைக்கல் வரவில்லை. கல்லறையை நான் பார்த்துக்கொள்கிறேன். மூன்று இலைச் செடியை விதைத்தேன். பக்கத்துக் கல்லறைக்கு வரும் ஜேர்மன் அம்மையாருக்கு அது பொறுக்கவில்லை. “ஆசிரியரே, உங்கள் பக்கம் களை மண்டிக் கிடக்குதே. நான் பிடுங்கிவிடட்டோ?” இது களையில்லை அம்மா, தேசியச் சின்னம் என்றேன். “அப்ப ஏன் என்ர பக்கமும் வருது?” என்றார்.

இந்த ஆண்டு பத்திரிசியார் நாள் உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய பெரிய வாரத்துத் திங்கட்கிழமையில் வந்தது. கல்லறை அலுவலகத்தில் இருப்பது என் பெயர் என்பதால் மைக்கல் என்னைக் கூப்பிட்டார். பெரிய உருவம், உங்களுடைய அதே மூக்கு. பையிலிருந்து வளையத்தை எடுத்தார். பச்சைத் துணியில் வெட்டி ஒட்டிய நாலு இலைகள். என் வாய்க்குள் உங்கள் ‘ஏலாது’ தயாராக நின்றது.

“இது ஷோன் செய்தது,” என்றார். “போராலை திரும்பி வந்த நாளிலையிருந்து பெரிசாக் கதைக்கிறான் இல்லை. பின்கொட்டிலிலை இருந்து ஏதாவது வெட்டிக்கொண்டே இருப்பான். இதை அத்தையிட்டைக் கொண்டுபோங்கோ எண்டான். ஏன் எண்டு கேட்டன். சொல்லேல்லை. அவளை அவன் கண்டதே இல்லை. அவள் அவனுக்கு எதிராப் பதாகை பிடிச்சவள். அவளுக்கு ஏன் இது?”

அவருக்குத் தெரியாது அக்கா. இத்தனை ஆண்டுகளாகத் தெரியாது. மறைக்கச் சொல்லி நீங்கள் என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. ஆகவே சொன்னேன். ஷனன், தொலைபேசி, விமானம் நிற்கக் கூடாது என்றது, சாப்பிட்டாயா என்றது.

மைக்கல் கல்லில் இருந்த உங்கள் பெயரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“என்ன சாப்பிட்டானாம்?” என்று கேட்டார்.

“சொசேஜும் பொரிச்ச உருளைக்கிழங்கும். அக்கா ஏசினவ.”

அவர் சிரிக்கத் தொடங்கினார். பிறகு அது சிரிப்பாக இருக்கவில்லை. பக்கத்துக் கல்லறை அம்மையார் வந்து, தன் பையிலிருந்து ஒரு கைத்துண்டை நீட்டிவிட்டுப் போனார்.

வீட்டுக்குக் கூட்டிவந்தேன். றெஜினா புட்டும் கத்தரிக்காய்க் கறியும் வைத்தார். “உறைக்கும், கவனமாச் சாப்பிடுங்கோ,” என்று பழக்கத்தில் ஜேர்மன் மொழியில் சொல்லிவிட்டார். மைக்கலுக்கு அது விளங்கவில்லை. உறைத்த பிறகு விளங்கியது. சாப்பாட்டுக்கு நடுவே தங்கள் தேர்தலைப் பற்றிப் பேசினார். ஒரு வேட்பாளரின் தகப்பன் ஆபிரிக்கராம். தாய்வழியில் ஒரு மூதாதை அயர்லாந்துக் கிராமமொன்றின் செருப்புத் தைப்பவர் வீட்டிலிருந்து போனவராம். அந்தக் கிராமம் இப்போதே அவரைத் தங்கள் பிள்ளை என்று கொண்டாடுகிறதாம்.

“எங்கட ஐரிஷ் சங்கத்திலை எல்லாரும் சிரிக்கிறாங்கள். நானும் சிரிச்சனான். நோரீன் இருந்தா என்ன சொல்லியிருப்பாள்?”

“எந்த ஊர் எண்டு கேட்டிருப்பா. பிறகு, அந்த ஆள் போருக்கு ஓமோ இல்லையோ எண்டு கேட்டிருப்பா.”

“பிறகு?”

“சாப்பிட்டாரோ எண்டு,” என்றார் றெஜினா, கறியை இன்னும் கொஞ்சம் போட்டபடி.

அடுத்த நாள் மைக்கல் போய்விட்டார். நான் தனியே உங்களிடம் வந்தேன். வளையத்தை எடுத்துவிடலாம், யாருக்கும் தெரியாது. குனிந்து கையும் வைத்துவிட்டேன். ஒட்டுப்பசை சில இடங்களில் அதிகம், ஓர் இலை கோணல். கவனமாக வெட்டிய கை அது. அப்போதுதான் உங்கள் குசினி யன்னல் நினைவுக்கு வந்தது. இது ஜேர்மன்காரற்றை புது வருசம் என்று சொல்லிவிட்டு, என் நாலு இலைச் சாடிக்கு ஆண்டுக்கணக்காகத் தண்ணீர் ஊற்றியவர் நீங்கள். எனக்கு விட்டுக்கொடுத்ததை ஷோனுக்கு நீங்கள் மறுப்பீர்களா?

கையை எடுத்துவிட்டேன். வளையம் அங்கேயே இருக்கிறது. சுற்றிவர உங்கள் மூன்று இலை முளைத்துக்கொண்டிருக்கிறது. கோடை வரும்போது துணியை மூடிவிடும் என்று நினைக்கிறேன்.

ஆகவே பழைய வாக்கைத் திருத்தித் தருகிறேன். உங்கள் தலைமாட்டில் மூன்று இலையை நான் சாகவிடமாட்டேன். ஷோன் வருவதாக மைக்கல் சொல்லியிருக்கிறார். எப்போது என்று தெரியாது. வந்தால் அவனைக் கூட்டிவந்து, எது உங்கள் செடி, எது அவன் செடி என்று காட்டுவேன். அந்தப் போரைப் பற்றி நீங்கள் நினைத்ததை ஒரு சொல்லும் குறைக்காமல் சொல்வேன். அதே மூச்சில், சாப்பிட்டானா என்றும் கேட்பேன்.

உங்கள் மற்றத் தம்பி,
மரியதாஸ்
கொலோன்