கால் எடுத்த கனெக்டர்

ஜூன் 3
வங்காலைப் படகுகளுக்கு அபாயப் பெட்டிகளைக் கொடுத்தாயிற்று. கடலில் ஆபத்தென்றால் பொத்தானை அமுக்க வேண்டும், கரைக்குச் செய்தி வரும். பற்றரி வயர் செருகும் கனெக்டரை வடிவமைத்தவள் நான். சர்க்கிட் போட்டைத் துளைத்து இறுக்கிப் பிடிக்கும் இரண்டு பக்கக் கால்களையும் எடுத்துவிட்டேன். பெட்டி சின்னதாக வேண்டுமென்றார் எங்கள் வேலைத்தலப் பொறுப்பாளர் யோகராசா சேர். ஒருமுறை செருகினால் பிறகு யார் கழற்றப் போகிறார்கள்? பற்றவைத்த ஈயமே பிடித்துக்கொள்ளும்.

ஜூன் 11
அத்தானின் படகு வரவில்லை. சோளகக் காற்று இரைகிறது. பெட்டியிலிருந்து ஒரு செய்தியும் இல்லை. "உன்ர பெட்டி இருக்குத்தானே, பயமில்லைத்தானே?" என்கிறாள் அத்தானைக் கட்டிய என் அக்கா றோசம்மா. ஓம் என்றேன்.

ஜூன் 12
இன்றும் இல்லை.

ஜூன் 13
மாதாவே! எஞ்சின் நின்றுபோன படகை முள்ளிக்குளத்து ஆட்கள் கட்டி இழுத்து வந்தார்கள். அத்தானுக்கு உயிர் இருக்கிறது.

பெட்டியைத் திறந்தேன். கனெக்டர் சர்க்கிட் போட்டிலிருந்து பிய்ந்து வயரோடு தொங்கியது. அத்தான் தினமும் பெட்டியைப் படகிலிருந்து கழற்றி, வெளியே நீளும் வயரில் பிடித்துத் தூக்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வருவாராம். எல்லாரும் அப்படித்தான். எங்கள் ஊரில் யார் படகில் சாமான் விட்டு வருகிறார்கள்? எஞ்சினே தோளில் வீட்டுக்கு வரும். இந்தக் கரையில் வளர்ந்தவள் நான் — என் மூளை எங்கே போயிருந்தது?

ஜூன் 16, ஞாயிறு
பூசை முடிய அத்தான் எல்லாரிடமும் சொன்னார்: "பிழை என்னில. வயரில பிடிச்சுத் தூக்கினனான். நீங்கள் கவனமாத் தூக்குங்கோ." அக்கா அவரைப் போட்டு ஏசினாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை. சீ, நானும் ஒரு மனுசியா?

ஜூன் 17
சேரிடம் சொன்னேன். "இனி ஆக்கள் கவனமா இருப்பினம். அடுத்த முறை செய்யேக்க மாத்துவம்" என்றார். அதுவரை கடலுக்குப் போகிறவர்கள்?

ஜூன் 18
விடியக் கரைக்குப் போனேன். "பிழை அத்தானில இல்லை, நான் செய்ததிலதான். பெட்டியளைத் திருப்பித் தாங்கோ." ஒருவரும் ஏசவில்லை. மணலில் வைத்துவிட்டுப் போனார்கள். ஏசியிருக்கலாம்.

அக்கா மட்டும் கேட்டாள்: "நான் அவரை ஏசேக்க பக்கத்தில நிண்டனீதானே?"

ஜூன் 24
கால் வைத்த கனெக்டரைப் பூட்டி, பெட்டியைத் தொங்கவிட்டு இழுத்து இழுத்துப் பார்க்கிறேன். அசையவில்லை. அக்கா போன் எடுப்பதில்லை.

ஜூலை 5
திருத்திய முதல் பெட்டியை அத்தான்தான் கையில் வாங்கினார். "வாறன் பிள்ளை" என்று படகைத் தள்ளிக்கொண்டு போனார். கரையில் இருந்து எழுதுகிறேன். அவர் திரும்பும்வரை எழும்ப மாட்டேன். அக்காவும் வந்து நிற்கிறாள் — என்னைப் பாராமல், கொஞ்சம் தள்ளி.