பொட்டலத்துக்குக் கொடுத்த அரை மாத்திரை

என் செல்ல மகனுக்கு, அம்மா சொல்லி உன் தங்கை எழுதுவது. கடல் நடுவில் உன் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை என்ற நம்பிக்கையில் நாங்கள் இருக்கிறோம். வீட்டில் மூன்று பேரும் நலம் என்று வழக்கமாக எழுதுவேன், இந்த முறை இரண்டே முக்கால் பேர் நலம் என்று வைத்துக்கொள், என் வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. போன செவ்வாய்க்கிழமை நம் நாய் பொட்டலத்துக்கு ஒரே பகலில் மூன்று முறை வலிப்பு வந்தது. மூன்றாவது முறை குளியலறை வாசலில் விழுந்து துடித்தது, தலை படியில் மோதிவிடுமே என்று ஓடினேன், ஈரத்தில் சறுக்கி விழுந்துவிட்டேன். அதற்கு அடி படவில்லை. நீ பதறாதே, ஆறு வாரத்தில் கட்டைப் பிரித்துவிடுவார்கள். அப்பாவின் சமையலைத்தான் தாங்க முடியவில்லை, டிப்போவில் பஸ்ஸுக்கு நேரம் குறிக்கிற மாதிரி அடுப்புக்கும் நேரம் குறித்துக்கொண்டு நிற்கிறார், பொங்கி வழிவதை மட்டும் பார்ப்பதில்லை. மருந்தைப் பற்றி உனக்குக் கவலையே வேண்டாம், காலை ஏழு, இரவு ஏழு என்று உன் தங்கை ஒரு வேளை தவறாமல் கொடுக்கிறாள். ஈரக் காலுறையோடு தூங்காதே.

அண்ணா, அம்மா சொன்னது இதோடு நின்றது. மீதியை நாளைக்குச் சொல்கிறேன் என்று படுத்துவிட்டாள். இனி வருவது என்னுடையது. எல்லோரும் தூங்கிவிட்டார்கள், சமையலறைத் தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒரு வேளை தவறாமல் என்று அம்மா சொல்லச் சொல்ல என் கையாலேயே எழுதினேன். அது பொய்.

நீ கப்பலேறிய இரண்டாம் மாதம் பொட்டலத்துக்கு வலிப்பு ஆரம்பித்தது உனக்குத் தெரியும். டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்தபோது நானும் கூட இருந்தேன். "ரெண்டு மூணு வாரம் தள்ளாடும், தூங்கி வழியும், பசி பசின்னு அலையும், அப்புறம் சரியாயிடும். நீங்களா குறைக்கவோ நிறுத்தவோ கூடாது" என்று சொன்னார். அப்பா ஒரு நோட்டில் கோடு போட்டு, தேதி, வேளை, வலிப்பு வந்தால் எத்தனை நிமிடம் என்று கட்டம் கட்டினார். மாத்திரை கொடுத்ததும் டிக் போடுவது என் வேலை. ஆனால் அண்ணா, அது கதவில் போய் முட்டிக்கொண்டது, சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றது, படுத்த இடத்திலேயே நனைத்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்து கூப்பிட்டால் தலையைத் தூக்கி யாரோ என்பது போலப் பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. எனக்குத் தாங்கவில்லை. எட்டாம் நாளிலிருந்து மாத்திரையை இரண்டாக உடைத்துப் பாதியை மட்டும் வாழைப்பழத்தில் வைத்துக் கொடுத்தேன், மறு பாதியைக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். நான்கு நாளில் பழையபடி ஓடியது, அப்பாவின் செருப்பைத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலடியில் ஒளிந்தது. "பாத்தியா, மருந்து புடிச்சிருச்சு" என்று அப்பாவுக்கு அவ்வளவு சந்தோஷம். டாக்டரம்மாவை விட எனக்கு அதிகம் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். ஒவ்வொரு வேளையும் டிக் போட்டேன். போன திங்கட்கிழமை இரவு, நன்றாகத்தானே இருக்கிறது என்று அந்தப் பாதியைக்கூடக் கொடுக்கவில்லை. மறுநாள்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை.

இன்று சாயங்காலம் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. டாக்டரம்மா நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு வேளைகூட விட்டுப்போகலையே பாப்பா?" என்று என்னைத்தான் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா, "எங்க டிப்போவுல பஸ்ஸு லேட்டாகும் டாக்டர், இவ லேட்டாக மாட்டா" என்றார். டாக்டரம்மா சிரித்தார். நானும் சிரித்தேன், அண்ணா. முழு மாத்திரை போயும் ரத்தத்தில் இவ்வளவுதான் இருக்கிறது என்றால் இதன் உடம்பு மருந்தை வேகமாகக் கரைத்துவிடுகிறது போல என்று சொல்லி, நாளையிலிருந்து வேளைக்கு இரண்டு மாத்திரையாக ஏற்றிவிட்டார். அதற்கும் நிற்காவிட்டால் இன்னொரு மருந்தையும் சேர்க்கலாம், அதற்குமேல் இதைக் கஷ்டப்படுத்துவதா என்று யோசிக்க வேண்டியிருக்கும் என்றார். எனக்குப் பரீட்சை என்பதால் நாளைக் காலை ஏழு மணிக்கு அப்பாவே கொடுக்கப் போகிறார். இரண்டு மாத்திரையைக் கிண்ணத்தில் எடுத்தும் வைத்துவிட்டார். இன்று வரை அரை மாத்திரைக்கே பழகின உடம்புக்கு அது நான்கு மடங்கு. பொட்டலம் தூங்கி அப்படியே எழுந்திருக்காமல் போய்விட்டால்?

அப்பா உன்னிடம் குரலை உயர்த்தியதே இல்லை, அதனால் என் சார்பில் நீயே அவரிடம் சொல்லிவிடு என்று கேட்கத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இப்போதுதான் நாட்காட்டியைப் பார்த்தேன். உன் கப்பல் துறைமுகம் சேர இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. ஏழு மணிக்கு ஐந்து மணி நேரம்தான் இருக்கிறது. உனக்கு எழுதினாலே எல்லாரிடமும் சொன்ன மாதிரி என்று இவ்வளவு நேரம் என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். பேனாவை வைக்கிறேன்.

அண்ணா, அப்பாவை எழுப்பிவிட்டேன். மறுபடி வலிப்பு என்று நினைத்துத் துண்டைத் தேடி ஓடினார். நான் சொல்லி முடித்ததும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். அடிக்கவில்லை, திட்டவில்லை. "என்னிக்கிலேருந்து?" என்று மட்டும் கேட்டார். பிறகு நோட்டை எடுத்துவந்து என்னை எதிரில் உட்காரவைத்து நாள் நாளாகக் கேட்டார். நான் அரை என்று சொல்லச் சொல்ல, டிக்கை அடித்துவிட்டு அரை என்று எழுதினார். பத்தொன்பது நாள், காலையும் இரவும், அந்தத் திங்கட்கிழமை இரவுக்கு மட்டும் இல்லை என்று. அதற்குப் பதில் இரண்டு அறை விட்டிருக்கலாம். அம்மா கட்டுப் போட்ட கையைத் தாங்கிக்கொண்டு வந்து நின்றாள், உன் கை என்னால்தான் உடைந்தது என்று அழுதேன். "கை கெடக்குது விடு. டாக்டர் கேட்டப்ப உன் வாய்க்கு என்ன பூட்டா போட்டிருந்துச்சு?" என்றாள். கிண்ணத்து மாத்திரைகள் டப்பாவுக்குத் திரும்பிவிட்டன. ஆறு மணிக்கு டாக்டரம்மாவுக்கு அப்பா போன் போட்டுத் தருவார், நான்தான் பேச வேண்டும். பிழைக்குமா, பழையபடி ஆகுமா என்று அப்பாவிடம் கேட்டேன், தெரியாது என்றார். இனிமேல் மாத்திரையை நீங்களே கொடுங்கள் அப்பா, எனக்கு வேண்டாம் என்றேன். "இல்ல. நீதான் குடுக்கணும். முழுசா குடுக்கணும். அது உன்னை யாரோங்கற மாதிரி பாத்தாலும் குடுக்கணும்" என்றார்.

நீ நல்லபடியாக இருக்க வேண்டும், கடல் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்று அம்மா படுக்கையிலிருந்தே ஆசி சொல்கிறாள். துறைமுகம் சேர்ந்த அன்றே பேசு. என்ன ஆகியிருந்தாலும் முதலில் என்னைக் கூப்பிட்டுக் கேள், நானே சொல்கிறேன்.

அம்மாவுக்காகவும் எனக்காகவும்,
உன் தங்கை