அப்புறம் என்று கேட்ட குற்றத்துக்கு

மேன்மை பொருந்திய மகன் துரைக்கு,

இங்கே நான், உன் அப்பா, கடகடக்கிற மின்விசிறி மூவரும் எப்படியோ ஓடிக்கொண்டிருக்கிறோம். நீ சௌக்கியமா என்று கேட்க மாட்டேன், அது நேரத்தைத் தின்கிற கேள்வி என்று நீயே சொல்லிவிட்டாய், அதனால் சௌக்கியமாக இருந்து தொலை. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. போன ஞாயிறு லைன் கரகரவென்று இரைந்து கட் ஆனதே, அது டவர் கோளாறு இல்லை. ரொட்டி வாங்கின பிளாஸ்டிக் பையைப் போன் பக்கத்தில் வைத்துக் கசக்கினது நான்தான். கேக்குதாம்மா கேக்குதாம்மா என்று நீ கத்தினது எல்லாம் நன்றாகவே கேட்டது.

ஏன் கசக்கினேன் என்றால், உன் அப்பா முகத்தைப் பார்த்தேன். மனுஷன் வாரம் பூரா உன் போனுக்காகக் காத்திருந்து, சாப்பிட்டியா, அங்க மழையா என்று கேட்டுவிட்டு, அப்புறம் என்றார். நீ என்ன சொன்னாய்? அப்பா, இந்த அப்புறம் அப்புறம்கறத விடுங்க, விஷயம் இருந்தா சொல்லுங்க, பேசறதுல ஒரு பயன் இருக்கணும், நான் இப்ப என்னை மேம்படுத்திக்கிட்டு வர்றேன் என்றாய். மேம்படுத்திக்கொள், யார் வேண்டாம் என்றது. விடியுமுன் எழுந்திரு, பச்சைத் தண்ணீரில் குளி, புத்தகத்தில் கோடு போட்டுக் கோடு போட்டுப் படி. ஆனால் அப்பனை ஒட்டடை மாதிரி தட்டிவிட்டு வருகிற மேம்பாட்டை என் கண்ணில் காட்டாதே, நீயே வைத்து அழகு பார். அடேய், அப்புறம் என்றால் சொல்ல ஒன்றுமில்லை என்றா அர்த்தம்? போனை வைக்க மனசில்லை என்று அர்த்தம். நாலாம் வகுப்பைத் தாண்டாத எனக்கே இது தெரிகிறது. உனக்குப் பேச்சு வரவில்லை என்று தூக்கிக்கொண்டு டாக்டர் டாக்டராக அலைந்தோமே, அப்போது எந்தப் பயனைப் பார்த்து அவர் உன்னிடம் பேசிக்கொண்டே இருந்தார்? சலூன் நாற்காலியில் உன்னை உட்கார வைத்து, முடி வெட்டுகிற கையோடு வாயும் ஓயாமல் பேசினார். நீ முதலில் சொன்ன வார்த்தை சீப்பு. அம்மா இல்லை, சீப்பு. அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது கேள். மகன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று உன் அப்பாவும் மேம்பட ஆரம்பித்துவிட்டார். சலூனில் தேவையில்லாமல் பேசுவதில்லையாம். அங்கே வருகிறவர்கள் பாதி முடிக்கும் பாதி பேச்சுக்கும் வருகிறவர்கள். மருந்துக்கடைக்காரர் தன் மாமியார் சண்டையைச் சொல்ல வாயெடுத்தால் இவர் உம் கூடக் கொட்டுவதில்லை. அவர் என்னிடம் வந்து, என்னக்கா, அண்ணனுக்குப் பல்லுல ஏதாவதா என்கிறார். வீட்டிலும் அப்படித்தான். சோதனைக்காகச் சாப்பாட்டில் உப்பே போடாமல் வைத்தேன், சத்தமில்லாமல் தின்றுவிட்டுக் கை கழுவினார். கல்யாணம் ஆன நாளிலிருந்து வாயை மூடுங்கள் என்று நான் சொல்லி நடக்காததை நீ ஒரே போனில் நடத்திவிட்டாய், கெட்டிக்காரன். எனக்குப் பயமாக இருக்கிறது. இனிமேல் நீ கூப்பிட்டால் போனைத் தொடமாட்டாராம். அவன் நேரத்த நான் ஏன் வீணாக்கணும், எங்கிட்ட என்ன விஷயம் இருக்கு என்கிறார். இதைச் சொல்லும்போது அவர் கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஆகவே ஞாயிறு வரை காத்திருக்காதே. இதைப் படித்த கையோடு சலூனுக்கே போன் போடு, கடைக்கு வருகிற போனை யார் என்று பார்க்காமல் எடுத்துவிடுவார். மன்னிப்பு கின்னிப்பு என்று ஆரம்பிக்காதே, மனுஷன் பயந்துவிடுவார். இன்னிக்கு யார் யார் வந்தாங்க, என்ன சொன்னாங்க என்று கேள். அவர் சொல்லி முடித்து மூச்சு வாங்கும்போது, அப்புறம் என்று நீ சொல். உன் புத்தகத்தில் கோடு போட இடமிருந்தால் இதையும் எழுதிக் கோடு போட்டுக்கொள்.

நல்ல புத்தியோடும் அதைவிட நல்ல வாயோடும் நீ நெடுநாள் இருக்க வேண்டும். ஈரத்தலையோடு தூங்காதே.

இப்படிக்கு,
கோபம் இன்னும் தீராத உன் அம்மா

பின்குறிப்பு: எதிர்மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவர் நேற்று முதல்தடவையாகச் சலூனுக்கு வந்து, நல்லா க்ளீனா பண்ணிடுங்க என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிச் சாய்ந்துவிட்டார். உன் அப்பா தேவையில்லாத கேள்வி எதுவும் கேட்கவில்லை. உள்ளே வரும்போது அந்தப் புதியவருக்கு மீசை இருந்தது. இன்று அவர் புது வேலையில் சேருகிற நாள், அடையாள அட்டைப் படத்தில் மட்டும்தான் இப்போது மீசை இருக்கிறதாம். வாசல் காவலாளி உள்ளே விடவில்லை. காலையிலிருந்து சலூன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.