புளி பட்ட இடது விளக்கு

3.5.2024, வெள்ளி

தினேஸ்வரிக்குப் பினாங்கில் வேலை நிரந்தரமாகிவிட்டது. இஞ்சினியர். அவள் தம்பி தனேஸ்வரன் இந்தப் பரீட்சையிலும் காலேஜுக்கே முதலாவது. மூத்தவன் ஷர்வின் கோலாலம்பூரில் வக்கீல், போன மாதம் தனியாக நின்று முதல் கேஸை ஜெயித்திருக்கிறான். மூன்றும் என் மகன் விக்னேஸ்வரன் பெற்றது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவதோடு நின்றவளின் பேரப்பிள்ளைகள். பசாரில் யார் கேட்டாலும் சொல்கிறேன். கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

கறுப்பு அங்கி போட்ட படம் ஒன்று ஷர்வினிடம் கேட்டிருக்கிறேன். ஹேண்ட்ஃபோனில் வேண்டாம், போஸ்டில் அனுப்புடா என்றேன். ஃப்ரேம்கூட வாங்கி ஹாலில் மாட்டியாச்சு. காலியாகத் தொங்குகிறது.

வெள்ளிக்கிழமை விளக்குத் துடைக்கிற வேலை முடிந்தது. சாமி விளக்கு இரண்டு, கார் விளக்கு இரண்டு.

5.5, ஞாயிறு

ஷர்வினே வந்துவிட்டான். படம் கொண்டு வரவில்லை, அடுத்த தடவை என்றான். போகட்டும். "பாட்டி, கார் விளக்கை எப்படித் துடைக்கிறீங்க, எனக்குச் சொல்லிக் குடுங்க" என்று கேட்டான். ஐம்பது வருஷத்தில் இந்த வீட்டில் ஒருத்தரும் கேட்டதில்லை.

தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பினபோது டிரைவருக்குக் கொடுத்துவிட்டுப் போன கார் இது. டிரைவர் என் வீட்டுக்காரர், உடையப்பன். பச்சை நிற எம்.ஜி., இரண்டு பேர்தான் உட்காரலாம். முன்னால் இரண்டு பக்கமும் செம்பு கவிழ்த்த மாதிரி விளக்கு. ஸ்க்ரூவைக் கழற்றி, வளையத்தை எடுத்து, கண்ணாடியைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காட்டினேன். உள்ளே வெள்ளி பூசின கிண்ணம் இருக்கிறதே, அதில் மட்டும் விரல் படக் கூடாது. கோழி இறகால் தூசி தட்டணும், அவ்வளவுதான்.

இடது கிண்ணத்தில் கட்டைவிரல் அகலத்துக்குக் கறுப்பாக இருப்பது ஏன் என்றான். சொல்லிவிட்டேன். கார் வந்த வருஷத் தீபாவளிக்கு, குத்துவிளக்கோடு சேர்த்து அதையும் புளி போட்டுத் தேய்த்தேன். வெள்ளி உரிந்து கையோடு வந்தது. அவர் வந்து பார்த்தார், திட்டவில்லை. "ஒரு கண்ணுல பூ விழுந்துருச்சு, விடு" என்றார். கடைசிவரை மாற்றவில்லை. யாருக்கும் சொல்லவுமில்லை. அவர் போய் நாலு வருஷம், இன்றைக்குத்தான் நான் வாயைத் திறந்தேன்.

பிள்ளை சிரித்தான். கண்ணாடியைக் கையில் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்தான். பெரிதாகப் போட்டு அவன் ரூமில் மாட்டுவானாம். அதற்காகச் சேலை மாற்றிக்கொண்டு வந்தேன்.

7.5

ரோடு டேக்ஸ் பேப்பர் என்று விக்னேஸ்வரன் கையெழுத்து வாங்கினான். நான் பெயரை முழுசாக எழுதுவேன். "சீக்கிரம் போடுங்கம்மா" என்று நின்றான்.

10.5, வெள்ளி

நேற்று முழுக்க மழை. விளக்குக்குள் ஈரம் ஏறவில்லை. ரப்பர் வளையம் கெட்டி.

18.5, சனி

எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆகணும்.

காலையில் தெலுக் இந்தானிலிருந்து ஷாஃபி என்று ஒரு தம்பி வந்தது. சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறதாம், பழைய கார் என்றால் உயிராம். காரைப் பார்க்கத்தானே வந்திருக்கு என்று தேத்தண்ணி ஆற்றிக் கொண்டுபோனேன். அந்தத் தம்பி நேராக இடது விளக்குக்குப் போய்க் குந்தி உட்கார்ந்தது. "இதானம்மா நீங்க புளி போட்டுத் தேச்சது?"

தட்டோடு நின்றேன். இவனுக்கு எப்படித் தெரியும்?

ஹேண்ட்ஃபோனைக் காட்டியது. என் படம். மாற்றிக் கட்டின அதே சேலை. கீழே இங்கிலீஷில் எழுத்து. அந்தத் தம்பிதான் படித்துச் சொன்னது: கார் விற்பனைக்கு. ஐம்பது வருஷம் ஒரு பாட்டி வாராவாரம் துடைத்த விளக்கு. இடது விளக்கில் புளிக்கறை, அதற்கொரு கதை உண்டு.

கதையாம்.

விக்னேஸ்வரன் உள்ளேயிருந்து ஓடி வந்தான். "அம்மாவுக்கு எல்லாம் தெரியும்லா" என்று அந்தத் தம்பியைத் தள்ளிக்கொண்டு போனான். ஒன்றும் தெரியாதவள் என்று ஊரான் முன்னால் எப்படிச் சொல்வது? தட்டை அப்படியே உள்ளே திருப்பிக் கொண்டுபோனேன்.

19.5

விக்னேஸ்வரனைக் கேட்டேன். அந்த ரோடு டேக்ஸ் பேப்பர் காரை என் பேரிலிருந்து மாற்றுகிற பேப்பராம். ஷர்வின் பெரிய கார் எடுத்திருக்கிறான், வந்தால் நிறுத்த இடம் வேண்டுமாம். வருஷத்துக்கு நாலு நாள் வருகிற காருக்கு இடம். முதலிலேயே சொன்னால் நான் அழுவேனாம், அதனால்தான் மறைத்தார்களாம். மருமகள் குமுதாவுக்கும் தெரியும். மூணு பேரும் பேசி வெச்சு — நான் கையெழுத்துப் போடத்தான் ஆளா?

ஷர்வின் போன் பண்ணினான். கதை இருந்தால்தான் நல்ல ஆள் வாங்க வருவார்களாம். "உங்களுக்குப் பெருமைதானே பாட்டி?" வக்கீல் பேச்சு. நான் சொன்னது அவனுக்கு. ஊருக்கா சொன்னேன்? காரை வித்திருக்கலாம்டா. அதையுமா விக்கணும்?

20.5

சோறு வேண்டாம் என்றேன். குமுதா கஞ்சி வைத்தாள். அதுவும் ஆறிப் போனது.

24.5, வெள்ளி

காரை ஏற்றப் பத்து மணிக்கு லோரி வரச் சொல்லியிருந்தான் மகன். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நான் கோயிலில் இருப்பேன், அந்தக் கணக்கு. நான் போகவில்லை. ஏழு மணிக்கே இரண்டு விளக்கையும் கழற்றி, குசினியில் அடுப்புப் பக்கம் பேப்பர் விரித்து வைத்து உட்கார்ந்துகொண்டேன். லோரி வந்தபோது கார் குழி விழுந்த கண்ணோடு நின்றது.

"விளையாடாதீங்கம்மா" என்றான் மகன்.

ஷாஃபி குசினி வாசலிலேயே நின்றது. "அம்மா, உங்களுக்குச் சம்மதமா? இல்லேன்னா லோரியைத் திருப்பிடுறேன்."

இதைக் கேட்க ஒரு ஆள் தெலுக் இந்தானிலிருந்து வரவேண்டியிருக்கிறது.

எனக்குத் தெரியாது தம்பி, என்னிடம் யாரும் சொல்லவில்லை என்றேன். மகன் தரையைப் பார்த்தான். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், கார் நின்றிருக்கும். வாய்வரை வந்தது. நின்று என்ன? வெள்ளிக்கு வெள்ளி அந்தக் கறையைப் பார்க்கும்போது இனி அவர் ஞாபகம் வராது, இவர்கள் செய்ததுதான் வரும்.

"எடுத்துட்டுப் போங்க. உள்ள இருக்கிற வெள்ளியில மட்டும் விரல் படாம பாத்துக்குங்க."

இரண்டையும் நானே மாட்டினேன். இடதை மாட்டும்போது ஸ்க்ரூ ஏறவில்லை. ஷாஃபி கை கொடுக்க வந்தது. வேண்டாம் என்றேன். ஏறிவிட்டது. கோழி இறகைத் தாளில் மடித்துக் கொடுத்தேன்.

31.5, வெள்ளி

சாமி விளக்கு இரண்டு. எட்டரைக்கெல்லாம் வேலை முடிந்துவிட்டது.

7.6, வெள்ளி

ஷர்வின் படம் போஸ்டில் வந்தது. கறுப்பு அங்கி. நன்றாகத்தான் இருக்கிறான், தாத்தா மூக்கு. அலமாரியில் துணிக்கு அடியில் வைத்தேன்.

மத்தியானம் ஷாஃபிக்கு நாலு வரி எழுதிப் போட்டேன். மழைக்குப் பிறகு ரப்பர் வளையத்தைப் பார்க்கச் சொன்னேன். அப்புறம், காரை நேரா நிறுத்தி, இரண்டு விளக்கையும் எரியவிட்டு, முன்னாலிருந்து ஒரு படம் எடுங்க தம்பி. ஹேண்ட்ஃபோனில் வேண்டாம், போஸ்டில் அனுப்புங்க. ஃப்ரேம் என்னிடம் இருக்கிறது.