பாவாடை கட்டின இடையர்

ஒலக்கூர்
18.12.2013

அன்புள்ள மகள் சகாய பிரியாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. மகள்னு பேனாவால எழுதறது இதான் முதல் தரம், அடிச்சித் திருத்தாம எழுதியிருக்கேன் பாத்துக்க. ஆண்டவர் புண்ணியத்துல நானும் உங்கப்பாவும் ரெண்டு ஆடும் சுகம். மும்பையில நீ வேளைக்குச் சோறு தின்றியா, இல்ல கண்ணாடி பாக்கறதுக்கே பொழுது பத்தலையா, எழுது.

நீயும் மத்த திருநங்கைப் பொண்ணுங்களும் சேர்ந்து திறக்கப்போற மியூசியத்துக்கு வேணும்னு போன்ல கேட்டியே இடையர் பொம்மை, அது இருக்குது. பத்து வயசுல நீ என் ஜாக்கெட் துணியைக் கிழிச்சி அதுக்குப் பாவாடை கட்டி கிறிஸ்மஸ் குடில்ல நிக்க வச்சே. உங்கப்பா தூக்கி அடிச்சதுல பொம்மையோட கை உடைஞ்சிது. அன்னிக்கு நான் வாயத் திறக்கல, பொம்மைய மட்டும் பொறுக்கி வறுத்த மல்லாட்டை போட்டு வைக்கிற டின்னுக்குள்ள ஒளிச்சி வச்சேன். மியூசியம்னா ராஜா வாளு, செத்த புலி இதெல்லாந்தான்னு நெனச்சிக்கினு இருந்தேன். வீட்டுல ஒளிச்சி வச்சதை வெளியே வைக்கிறதும் மியூசியம்தான்னு நீ சொல்றே. அப்படின்னா என் டின்னுதான் மூத்த மியூசியம், நான் அதுக்குப் பெரிய ஆபீசர்.

பார்சல் கட்டலாம்னு எடுத்து வச்சிட்டுக் கழனிக்குப் போனேன், திரும்பி வந்தா பொம்மையைக் காணோம். மறுபடியும் தூக்கி அடிச்சிட்டாரோன்னு வீடு பூராத் தேடினேன். தோட்டத்துப் பக்கம் போனா உங்கப்பா குந்திக்கினு சிமெண்டு குழைச்சி அந்தக் கையை ஒட்டிக்கினு இருக்காரு. என்னை நிமிந்துகூடப் பாக்கல. சாயங்காலம் அவரே அதைக் குடில்ல மாதா பக்கத்துல வச்சாரு. கை கோணல்தான், பஸ்ஸை நிறுத்தற மாதிரி நிக்குது. கிறிஸ்மஸ் பாட்டு பாடறவங்களோட வந்த கோயில் உபதேசியார் ராஜாமணி இதென்ன கோலம்னு கேட்டாரு. உங்கப்பா, "அது எங்க பொண்ணு கட்டின பாவாடை"ன்னாரு. அவ்ளோதான். உபதேசியார் ஜெபம் சொல்லி, நாலு முறுக்கு தின்னுட்டுப் போனாரு, ஒண்ணும் முழுகிப்போகல.

அதனால பார்சல் கிடையாது. நீங்க கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சி தொடாதேன்னு எழுதிடுவீங்க, இங்க தெருப் பிள்ளைங்க எல்லாம் தொட்டுத் தொட்டுப் பாக்குது. வேணுங்கறவ நேர்ல வந்து வாங்கிக்கட்டும்னு உங்கப்பா சொல்றாரு, எட்டு வருஷமா உன் பேச்சை எடுத்தாலே எழுந்து போன மனுசன். ஜனவரி ஆறு, மூணு ராஜாக்கள் திருநாள் வரைக்கும் குடிலைப் பிரிக்கமாட்டோம், அதுக்குள்ள வந்துடு. திண்டிவனத்துல இறங்கி போன் பண்ணு, அவரு வண்டி எடுத்துக்கினு வந்து நிப்பாரு. புடவை கட்டிக்கினே வா, என் புடவையைவிட நல்லதா இருந்தா எனக்கும் ஒண்ணு எடுத்துக்கினு வா. ரயில்ல குளுரும், காதுக்குத் துணி கட்டிக்க.

ஆண்டவரும் மாதாவும் உனக்குத் துணை. ஒண்ணு மறந்துட்டேன், பொம்மைக்குக் கை சரியாச்சி, பாவாடைதான் நூல் நைஞ்சி அவுந்து விழப் பாக்குது. ஊசி நூல் குடில் பக்கத்துலயே வச்சிருக்கேன். நான் தைக்கமாட்டேன், அது உன் வேலை.

இப்படிக்கு,
உன் அம்மா
சூசை மேரி